நியூசவுத் பதிப்பில் ஹக்கிள்பெரி ஃபின்: வகுப்பறைக்கு வாங்கலாமா?

ஆலன் கிரிப்பன் பதிப்பித்து, அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரிலிருந்து நியூசவுத் புக்ஸ் 2011-இல் வெளியிட்ட நூல் இது. மார்க் ட்வெய்னின் ‘டாம் சாயர்’, ‘ஹக்கிள்பெரி ஃபின்’ ஆகிய இரண்டு கதைகளையும் ஒரே தொகுதியில் தரும் இப்பதிப்பு, தனியே அமர்ந்து படிப்பவரைவிட வகுப்பில் நின்று கற்பிப்பவரை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது. ‘ஹக்கிள்பெரி ஃபின்’ கதையில் மட்டும் 219 இடங்களில், கறுப்பினத்தவரை இழித்துக் கூறும் ஒரு சொல் வருகிறது. அமெரிக்காவில் இன்று பொது இடத்தில் யாரும் முழுமையாக உச்சரிக்கத் துணியாத அந்தச் சொல் இப்பதிப்பில் நீக்கப்பட்டு, அதன் இடத்தில் ‘அடிமை’ என்ற சொல் வைக்கப்பட்டுள்ளது. பூர்வகுடி மக்களை இழிவாகச் சுட்டும் சொல்லும் ‘இந்தியன்’ என்று மாற்றப்பட்டிருக்கிறது. இந்த மாற்றங்களை ஏன் செய்தார் என்பதைக் கிரிப்பன் முன்னுரையில் ஒளிவுமறைவின்றி விளக்குகிறார்.

நியூ ஜெர்சியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியம் கற்பிப்பவள் என்ற முறையில் இந்தப் பதிப்பையும் மூலப் பிரதியையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்தேன். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் நிறவெறியைப் பற்றி ஒருவரையொருவர் காயப்படுத்தாமல் பேசுவதற்கு இந்த நூல் உதவுகிறதா என்பது ஒன்றே என் கேள்வி. ட்வெய்னின் எழுத்தில் கைவைக்கலாமா என்ற விவாதம் வேறு. அது ஆய்வாளர்களின் விவாதம்.

கிரிப்பனின் தரப்பை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அவர் ட்வெய்னை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். மான்ட்கோமரியிலுள்ள ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அலபாமாவின் நூலகங்களில் ட்வெய்னைப் பற்றி உரையாற்றச் சென்றபோது, இந்த நாவலைக் கற்பிக்க ஆசை இருந்தும் அந்த ஒரு சொல்லால் முடியவில்லை என்று ஆசிரியர்கள் அவரிடம் முறையிட்டிருக்கிறார்கள். அவரும் பொதுவில் வாசிக்கும்போது அந்தச் சொல்லைப் பல ஆண்டுகளாக மாற்றியே வாசித்து வந்தவர். ஆகவே, புத்தகம் அலமாரியிலேயே கிடப்பதைவிட ஒரு சொல் மாறிய நிலையிலாவது பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேரட்டும் என்பது அவருடைய வாதம். இதைக் கோழைத்தனம் என்று ஒதுக்கித் தள்ள என்னால் இயலாது. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1940-இல் எழுதிய தன்வரலாற்றில், அந்தச் சொல்லைச் சரியாக ஆண்டாலும் தவறாக ஆண்டாலும், நையாண்டிக்காக ஆண்டாலும் யதார்த்தத்துக்காக ஆண்டாலும், கறுப்பின மக்கள் எந்தப் புத்தகத்திலும் நாடகத்திலும் அதை விரும்புவதில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். முப்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒரே ஒரு கறுப்பின மாணவி அமர்ந்திருக்கிறாள். அந்தச் சொல் வரும் வரியை யாரோ உரக்கப் படிக்கிறார்கள். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்புகின்றன. அந்த ஒரு நொடியைப் பார்த்திருக்கும் எந்த ஆசிரியரும் கிரிப்பனின் நோக்கத்தைச் சந்தேகிக்க மாட்டார்.

ஆனால் நல்ல நோக்கத்தோடு செய்த மாற்றம் கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்பதை வரிவரியாகத்தான் பார்க்க வேண்டும். பதினைந்தாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டைவிட்டு ஓடிய வெள்ளைச் சிறுவன் ஹக்கும், அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த கறுப்பினத்தவரான ஜிம்மும் தெப்பத்தில் ஆற்றோடு போகும்போது மூடுபனியில் பிரிந்துவிடுகிறார்கள். ஹக் இறந்துவிட்டான் என்றே எண்ணி, கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து தூங்கிப்போன ஜிம்மிடம், பனியும் இல்லை, பிரிவும் இல்லை, எல்லாம் நீ கண்ட கனவு என்று ஹக் ஏமாற்றி விளையாடுகிறான். உண்மை தெரிந்ததும் ஜிம் தெப்பத்தின் மீது கிடக்கும் இலைக் குப்பையைக் காட்டி, நண்பனின் தலையில் அழுக்கைக் கொட்டி அவனை வெட்கப்பட வைப்பவர்களும் இதைப் போன்ற குப்பைதான் என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் போய்விடுகிறான். அதற்குப் பிறகு, போய் மன்னிப்புக் கேட்கத் தன் மனத்தைத் தயார்செய்ய ஹக்குக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. ஒரு கறுப்பனிடம் தாழ்ந்துபோவதா என்ற தயக்கத்தை அவன் அந்த இழிசொல்லைக் கொண்டே சொல்கிறான். சொல்லிவிட்டு, ஆனாலும் தாழ்ந்துபோனேன், அதற்காக என்றைக்கும் வருந்தவில்லை என்கிறான். அவனுடைய ஊர் அவன் வாயில் வைத்த சொல் ஒரு பக்கம், அவனுடைய கால்கள் நடந்துபோகும் திசை இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் மோதுவதுதான் அந்தப் பத்தியின் உயிர். ‘அடிமையிடம் தாழ்ந்துபோக’ என்று மாற்றியவுடன், அது எசமானன் வேலைக்காரனிடம் மன்னிப்புக் கேட்கும் கதையாகிவிடுகிறது. படிக்கும் மாணவருக்கு அங்கே தெரிவது பதவியின் உயர்வு தாழ்வு மட்டுமே. தோலின் நிறத்தைக் கொண்டு ஒரு மனிதனை அளக்கும் கொடுமை பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது.

ஆறாம் அத்தியாயத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. ஹக்கின் குடிகாரத் தந்தை, ஒஹையோவிலிருந்து வந்த ஒரு கறுப்பினப் பேராசிரியரைப் பார்த்து ஆத்திரத்தில் கொதிக்கிறான். அந்தப் பேராசிரியர் வெண்மையான சட்டை அணிந்தவர். தங்கக் கடிகாரமும் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியும் வைத்திருப்பவர். பல மொழிகள் கற்றவர். தம் மாநிலத்தில் வாக்களிக்கவும் உரிமை உள்ளவர். அவருக்கு வாக்குரிமை தரும் நாட்டில் இனி நான் வாக்களிக்கவே மாட்டேன் என்று, எழுத்தறிவில்லாத இந்த வெள்ளையன் கத்துகிறான். அவனுடைய கொதிப்புக்குக் காரணமே அவர் அடிமை இல்லை என்பதுதான். ஒரே சொல்லை எல்லா இடத்துக்கும் பொருத்திக்கொண்டு போகும் எந்த முறையும் இங்கே வந்து தடுமாறும். அடிமை என்பது சட்டம் தந்த நிலை. 1865-இல் பதின்மூன்றாம் சட்டத் திருத்தம் அதை ஒழித்தது. இழிசொல் சுட்டுவதோ சட்டத்தால் ஒழியாத ஒன்றை. ட்வெய்ன் இந்தக் கதையை 1840-களை ஒட்டிய காலத்தில் நடப்பதாக அமைத்தாலும், அது அமெரிக்காவில் வெளியான ஆண்டு 1885. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் 1877-இல் முடிந்து, தெற்கு மாநிலங்கள் கறுப்பின மக்களின் உரிமைகளை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டிருந்த நேரம் அது. அடிமை முறை போன பிறகும் போகாத நோயைப் பற்றித்தான் அவர் எழுதினார். உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் இந்த நாவலிலிருந்து இன்றைய நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி எதுவோ, அதையே இந்தப் பதிப்பு மங்கலாக்கிவிடுகிறது.

எல்லா இடத்திலும் இப்படி இழப்பு நேர்வதில்லை. முப்பத்திரண்டாம் அத்தியாயத்தில், நீராவிப் படகில் விபத்து நடந்ததாக ஹக் புனைந்து சொல்லும்போது, யாருக்கும் அடிபடவில்லையே என்று சாலி அத்தை பதறுகிறாள். இல்லை, ஒரு கறுப்பன் செத்துப்போனான் என்கிறான் ஹக். நல்ல வேளை, சில சமயம் மனிதர்களுக்கு அடிபட்டுவிடுவது உண்டு என்று அவள் நிம்மதி அடைகிறாள். இங்கே ‘அடிமை’ என்று மாற்றினாலும் படிப்பவரின் நெஞ்சு திடுக்கிடவே செய்கிறது. ஏனெனில் அந்த உரையாடலின் கொடூரம் ‘மனிதர்கள்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. வகுப்பில் இந்தப் பத்தியை மட்டும் எடுத்துக் கற்பிப்பவருக்கு நியூசவுத் பதிப்பு போதுமானது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சொல் நீங்கியதும் புத்தகம் பாதுகாப்பானதாகிவிட்டது என்ற எண்ணத்தை இந்தப் பதிப்பு ஆசிரியருக்கு எளிதில் தந்துவிடுகிறது. ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் கறுப்பின மாணவர்களை நோகடிப்பது அந்தச் சொல் மட்டும் அன்று. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கோமாளிகளாக்கி ஆடிய மின்ஸ்ட்ரல் மேடைக் கூத்தின் சாயல் ஜிம் மீது படிந்திருக்கிறது. அந்த முகமூடிக்குப் பின்னாலிருந்துதான் ஜிம்மின் கண்ணியம் நமக்குத் தெரிகிறது என்று நாவலாசிரியர் ரால்ஃப் எலிசன் 1958-இல் எழுதினார். கடைசி அத்தியாயங்களில், ஜிம்முக்குச் சட்டப்படி விடுதலை கிடைத்துவிட்டது என்று தெரிந்திருந்தும் ஹக்கின் நண்பன் டாம் சாயர் அதை மறைத்து, எலிகளையும் பாம்புகளையும் அவனுடைய அறைக்குள் விட்டு, அவன் தப்பிப்பதை ஒரு விளையாட்டாக ஆக்குகிறான். அந்தப் பக்கங்களில் ஒரு மனிதனின் துன்பம் பிள்ளைகளின் பொழுதுபோக்காகிறது. எந்தச் சொல்லை மாற்றினாலும் அது மாறப்போவதில்லை. வகுப்பில் சிலர் சிரிப்பார்கள். சிலரால் சிரிக்க முடியாது. அந்த இரு தரப்பினரும் ஒரே அறையில் இருக்கும்போது என்ன பேசுவது என்பதற்கு இந்தப் பதிப்பிலிருந்து எனக்கு எந்தத் துணையும் கிடைக்கவில்லை.

நாவலாசிரியர் டோனி மாரிசன் 1996-இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு பதிப்புக்கு எழுதிய முன்னுரையை இதனுடன் சேர்த்துப் படிக்கும்படி கேட்டுக்கொள்வேன். சிறுமியாக முதன்முதலில் இந்தக் கதையைப் படித்தபோது அச்சமும் கலக்கமும் ஏற்பட்டதை அவர் மறைக்காமல் சொல்கிறார். ஆனாலும் அந்தச் சொல்லின் பேரில் புத்தகத்தைப் பள்ளியிலிருந்து அகற்ற 1980-களில் எழுந்த முயற்சிகளை, பிள்ளைகளுக்குக் கல்வி தருவதற்காக அல்லாமல் பெரியவர்களைச் சமாதானப்படுத்துவதற்காகச் செய்யப்படும் தணிக்கை என்றே அவர் கண்டார். அவர் கறுப்பினப் பெண். அந்தச் சொல்லின் காயத்தை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயே அவருடைய தீர்ப்புக்கு நான் கூடுதல் எடை கொடுக்கிறேன்.

அப்படியானால் மூலப் பிரதியை அப்படியே தூக்கி மாணவர் கையில் கொடுத்துவிடலாமா? கூடாது. எங்கள் மாநிலத்தின் செர்ரி ஹில் பள்ளி மாவட்டத்தில் 1990-களில் நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். இந்த நாவலைக் கற்பித்த விதம் தம் பிள்ளைகளை அவமானப்படுத்துகிறது என்று கறுப்பினப் பெற்றோர்கள் எதிர்ப்புத் தெரிவித்தபோது, பள்ளி நிர்வாகம் புத்தகத்தைக் கைவிடவும் இல்லை, பெற்றோரைப் புறக்கணிக்கவும் இல்லை. வில்லனோவா பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் துணையோடு, அடிமை முறையின் வரலாற்றையும் கறுப்பின மக்களே எழுதிய எழுத்துகளையும் நாவலோடு இணைத்து ஒரு புதிய பாடத்திட்டம் உருவாக்கப்பட்டது. பிபிஎஸ் தொலைக்காட்சி பின்னர் ஆசிரியர்களுக்காக வெளியிட்ட கையேட்டுக்கும் அதுவே அடிப்படையாக அமைந்தது. குறை சொன்னவர்களையே அருகில் அமர்த்திப் பாடம் அமைத்த இந்த வழி, சொல்லை மாற்றி அச்சிடும் வழியைவிட மிகவும் கடினமானது. அதனாலேயே பல பள்ளிகள் அதன் பக்கம் போவதில்லை என்று நினைக்கிறேன்.

நீதிமன்றமும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் நின்றது. அரிசோனாவின் டெம்பி நகரில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவரின் தாய் தொடுத்த வழக்கில், ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பு வழங்கியது. ஒரு நாவலைப் பாடமாக வைத்ததற்காக மட்டும் பள்ளி மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று அது கூறியது. ஆனால் வளாகத்தில் கறுப்பின மாணவர்கள் இனவசைக்கு ஆளாவது தெரிந்தும் பள்ளி கைகட்டி நின்றால் அது வழக்குக்கு உரிய குற்றச்சாட்டு என்றும் கூறியது. பாடநூலைத் தேர்ந்தெடுப்பதோடு ஆசிரியரின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன தீர்ப்பு வேறொன்றை நான் அறியேன்.

என் வகுப்பில் மூலப் பிரதியையே பயன்படுத்துகிறேன். நாவலைத் திறப்பதற்கு முன்பே சில ஒப்பந்தங்களை மாணவர்களோடு பேசி முடித்துவிடுவோம். அந்தச் சொல் பக்கத்தில் இருக்கும். யார் வாயிலும் வராது, என் வாயிலும் வராது. வாசிக்கும்போது அந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்திவிட்டு மேலே போவோம். எந்த மாணவரிடமும் உங்கள் இனத்தவர் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. மனம் ஒப்பாதவர் அன்றைய பேச்சில் கலந்துகொள்ளாமல் எழுதிக் கொடுக்கலாம். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஏற்பாடுகளை விளக்கி வீட்டுக்கும் ஒரு கடிதம் போகும்.

மூடுபனி அத்தியாயத்தைப் பேச்சில் தொடங்காமல் எழுத்தில் தொடங்குவதே நல்லது. அந்தப் பத்தியை ஒரு பெரிய சார்ட் தாளின் நடுவில் ஒட்டி, நான்கு பேரைச் சுற்றி அமர வைத்து, வாய் திறக்காமல் தாளிலேயே எழுதி உரையாடச் சொல்வேன். ஒரு மாணவன் “பதினைந்து நிமிடம் ஏன்?” என்று எழுதினான். அதன் கீழே இன்னொருத்தி “மன்னிப்புக் கேட்க யாரும் அவனுக்குக் கற்றுத்தரவில்லை, அதுவும் இவரிடம்” என்று எழுதினாள். அதற்கும் கீழே, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவர் “பதினைந்து நிமிடத்தில் ஜிம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று புத்தகம் சொல்லவில்லை” என்று எழுதி, ‘ஜிம்’ என்ற பெயரின் கீழே இரண்டு முறை கோடு போட்டிருந்தார். ஹக்கின் மனமாற்றத்தையே சுற்றிச் சுற்றிவரும் பாடத்தை ஜிம்மின் பக்கம் திருப்பிய வரி அது. உரக்கப் பேசச் சொல்லியிருந்தால் அந்த மாணவர் சொல்லியிருப்பாரா என்பது ஐயமே. நியூசவுத் பதிப்பின் பத்தியை ஒட்டியிருந்தாலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கக்கூடும் என்பதை மறுக்கவில்லை; ஆனால் இரண்டாமவள் எழுதிய ‘அதுவும் இவரிடம்’ என்பதன் முழுக் கனம் மூலத்தின் சொல்லால் வந்தது.

ஜிம்மின் குரலை ட்வெய்னிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. அடிமையாகப் பிறந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-இல் எழுதிய தன்வரலாற்றை உடன் வைத்துப் படிப்பது இன்றியமையாதது. அடிமைகள் பாடுவதைக் கேட்டு அவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று எண்ணுவதைப் போன்ற தவறு வேறில்லை, துயரம் மிகும்போதே அவர்கள் மிகுதியாகப் பாடினார்கள் என்று அவர் அதில் எழுதுகிறார். இதைப் படித்த பிறகு மின்ஸ்ட்ரல் கூத்தின் சிரிப்பு எப்படிப்பட்ட பொய் என்பதை விளக்க எனக்கு ஒரு வாக்கியம்கூடத் தேவைப்பட்டதில்லை. நேரம் இருக்கும் வகுப்புகளுக்கு, இதே கதையை ஜிம்மின் பார்வையில் திரும்பச் சொல்லும் பெர்சிவல் எவரெட்டின் ‘ஜேம்ஸ்’ நாவலையும் பரிந்துரைப்பேன். 2024-இல் வெளியான அந்நூல் 2025-இல் புலிட்சர் பரிசு பெற்றது.

நியூசவுத் பதிப்பை யார் வாங்கலாம்? பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கதையாக மட்டும் வாசித்துக் காட்ட நினைக்கும் பெற்றோருக்கு இது ஏற்றது. உரக்க வாசிக்கும் நூலகக் கூட்டங்களுக்கும் பொருந்தும். உயர்நிலைப் பள்ளி வகுப்புக்கு முப்பது பிரதி வாங்க நிதி ஒதுக்கும் பள்ளிகளுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பணத்தில் மூலப் பிரதியையும் டக்ளஸின் நூலையும் வாங்குங்கள். இரண்டுக்கும் காப்புரிமை முடிந்துவிட்டதால் மலிவான பதிப்புகள் கிடைக்கின்றன. இணையத்தில் இலவசமாகவும் படிக்கலாம். ஆனால் ஒரே ஒரு நியூசவுத் பிரதியை ஆசிரியர் மேசைக்கு வாங்கி வைப்பது பயனுள்ளது. பதினைந்தாம் அத்தியாயத்தின் இரு வடிவங்களையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்து, எதை ஏன் தேர்ந்தெடுப்பீர்கள் என்று மாணவர்களிடமே கேட்டால், கிரிப்பனின் பக்கம் நிற்கும் மாணவர்களும் மதிப்புடன் கேட்கத்தக்க காரணங்களைச் சொல்வார்கள்.

அமெரிக்காவில் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகளின் பள்ளி இந்த நாவலைப் பாடமாக வைத்தால், எந்தப் பதிப்பு என்பதோடு நிறுத்திவிடாமல், அதனுடன் வேறு எந்த நூல்கள் படிக்கப்படுகின்றன, அந்தச் சொல்லை வகுப்பில் எப்படிக் கையாளப்போகிறார்கள், கறுப்பினப் பெற்றோர்களிடம் கருத்துக் கேட்டார்களா என்ற மூன்றையும் ஆசிரியரிடம் கேளுங்கள். நம் பிள்ளைகள் பலர் அந்த வகுப்பில் கறுப்பரும் அல்லாமல் வெள்ளையரும் அல்லாமல் நடுவில் அமர்ந்திருக்கிறார்கள். இது எங்களைப் பற்றிய பாடம் இல்லை என்று ஒதுங்கிவிடும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் அதிகம். இருபத்துமூன்றாம் அத்தியாயத்தில், காய்ச்சலால் காது கேட்காமல் போனது தெரியாமல், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று நான்கு வயது மகளை அடித்துவிட்டதை ஜிம் சொல்லிச் சொல்லி அழும் இரண்டு பக்கங்களை வீட்டில் அவர்களோடு அமர்ந்து படியுங்கள். அந்தப் பக்கங்களைப் பொறுத்தவரை, கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்பது பொருட்டில்லை.